இரண்டு வீட்டுக்கு ஒரே உலை

காஸ் முடிந்தபோது சோறு அரைவேக்காட்டில் இருந்தது. அடுப்பில் நீல நெருப்பு ஒருமுறை மஞ்சளாக எழும்பி அணைந்தது. சிலிண்டரைச் சரித்துப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாட்டில் எல்லாவற்றுக்கும் சனம் வரிசையில் நின்ற வருடம் அது. காஸுக்காக விடியவிடிய நின்றவர்களே வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வேறு அடுப்பு இல்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குள் குசினியைச் சின்னதாகக் கட்டித் தந்திருந்தார்கள். புகை போக வழியில்லாததால் நாங்கள் வந்த நாளிலிருந்து காஸ் அடுப்புத்தான்.

பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து பக்கத்து வளவுக்குப் போனேன். கிடுகு உக்கி விழுந்த இடத்தில் கோழி போய்வந்து, பிறகு பிள்ளைகள் போய்வந்து, ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய அளவுக்கு அந்தப் பொட்டு பெருத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வெளியே தகரம் போட்ட கொட்டிலில் சமைப்பாள். என்னைப் பார்க்க முதல் அவள் பானையைத்தான் பார்த்தாள்.

"என்னக்கா, காஸ் முடிஞ்சுதோ?"

"ஓம். இது வெந்தவுடனை எடுத்துக்கொண்டு போயிடுவன்."

"வையுங்கோ. என்ரை சோறு வடிச்சாச்சு. நெருப்பு சும்மாதானே எரியுது."

நாங்கள் இருப்பது பரந்தன் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு ஒரு ஒழுங்கையில். என் கணவர் சந்தியில் ஓட்டோ ஓடுகிறார். நான் முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் சொந்த இடம் நாயாற்றுப் பக்கம், கடற்கரை. ஐயாவும் தம்பிமாரும் வலை வீசி வளர்ந்த வீடு. பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது ஜெயபுரத்தில். கணவன் வீடு கட்டுகிற மேசன். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது, இளையவள் நான் பார்த்த முன்பள்ளியில் படித்துவிட்டுப் போனவள். அதுவரை எங்கள் பழக்கம் பொங்கலுக்கு அவள் ஒரு தட்டு தருவதும் நத்தார்ப் பண்டிகைக்கு நான் கேக் கொடுப்பதுமாகத்தான் இருந்தது.

அடுத்த நாளும் பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். அவள் ஒவ்வொரு நாளும் அடுப்பில் இடம் விட்டாள். ஒரு கிழமை போனபிறகு, என் பானைக்குக் கீழே விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, உங்கடை தண்ணியும் கொதிக்க வேணும், என்ரை தண்ணியும் கொதிக்க வேணும். தண்ணி கொதிக்கத்தான் விறகு முழுக்கப் போகுது. ஒரு பெரிய பானையா வைச்சால் என்ன?"

"அரிசி?"

"நீங்கள் உங்கடை சுண்டாலை அளந்து போடுங்கோ, நான் என்ரை சுண்டாலை போடுறன். சோறு என்ன, பேர் சொல்லியா வேகுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானம் முதல் இரண்டு வீட்டுக்கும் ஒரே உலை.

என் கணவருக்கு இதைச் சொன்னபோது அவர் யோசித்தார். எங்கள் பக்கத்தில் சிலருக்கு மலைநாட்டுச் சனத்தின் வீட்டில் கைநனைக்க மனம் வராது. வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் தேத்தண்ணீர் கொடுத்தால் வயிறு சரியில்லை என்பார்கள். அவர் அதை யோசிக்கவில்லை. "உன்ரை கையாலை சாப்பிட்டுப் பழகினனான், அவ்வளவுதான்," என்றார். பெற்றோல் இல்லாமல் ஓட்டோ கிழமையில் பாதி நாள் முற்றத்தில் நின்ற காலம். முதல் நாள் அவள் வைத்த உறைப்புக் குழம்புக்கு அவர் இரண்டாம்முறை சோறு போட்டார். பிறகு யோசிக்கவில்லை.

சிக்கனம் என்றால் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மீனை விடுவது, பாலை விடுவது, சீனியை விடுவது. அவளோடு சேர்ந்தபிறகு வேறு மாதிரி விளங்கியது. இரண்டு வீட்டில் இரண்டு தரம் நடக்கிற ஒன்றை ஒரே தரம் நடத்தினால் எதையும் விடாமலே மிச்சம் வந்தது. ஒரு தேங்காயை உடைத்தால் இரண்டு பாதியும் அன்றே முடிந்தது. முன்பு என் வீட்டில் மற்றப் பாதி அடுத்த நாள் கெட்டு மணத்துப்போகும். முதற்பால் கறிக்கு, இரண்டாம் பால் சொதிக்கு, பிழிந்த சக்கையை வெயிலில் காயவைத்து, செத்தல் மிளகாயோடு இடித்தால் அடுத்த நாள் சம்பல். மீன்காரர் காலையில் வரும்போது அவள் எட்டியும் பார்க்க மாட்டாள். பின்னேரம் அவர் கிராமம் சுற்றித் திரும்பி வரும்போது பெட்டியின் அடியில் சூடை, கீரி என்று சின்ன மீன்கள் கிடக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதா, கிடைக்கிற விலைக்குக் கொடுப்பதா என்று அவர் நினைக்கிற நேரம் அது. கடற்கரைக்காரி நான். அவ்வளவு சின்ன மீனை அவ்வளவு வேகமாக ஆய்வதை அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள்.

விறகும் விலை ஏறியபோது அவள் புருஷன் ஒரு பழைய பெயின்ற் வாளியில் உமி அடுப்புச் செய்து தந்தார். அரிசி ஆலையில் உமியைச் சும்மா அள்ளலாம். வாளியின் நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவர உமியை இறுக்கி இடித்து, போத்தலை மெதுவாக உருவி எடுத்தால் ஒரு துவாரம். கீழே நெருப்பு வைத்தால் பொறுமையாக எரிந்துகொண்டே இருக்கும். சோறு ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, சாக்கில் சுற்றி, பழைய தலையணைகளுக்கு நடுவில் வைத்துவிடுவாள். நாங்கள் கறி வைத்து முடிக்கும்போது சோறு தானாக வெந்திருக்கும். அரிசியைக் களையும் முன் ஒரு பிடியை எடுத்து வேறு பேணியில் போடுவது என் அம்மாவின் பழக்கம். அதை நான் கொண்டுபோனேன். மாதக் கடைசியில் கைமுட்டாக இருக்கும்போது அந்தப் பிடியரிசி ஒரு சில நாளைத் தள்ளிவிடும்.

எல்லாம் சரிவந்தது என்று சொல்ல முடியாது. வேலியோரம் போட்ட புடலங்காயைக் குரங்கு ஒன்றுவிடாமல் பிடுங்கியது. மலிவென்று சேர்ந்து வாங்கிய பருப்பு மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது. தேயிலையை இரண்டாம் தரம் அவித்துக் கொடுத்தபோது மேசன் ஒரு வாய் குடித்துவிட்டு, எழும்பிப்போய் அதைக் கமுகுக்கு ஊற்றினார். "நான் தோட்டத்துச் சனம். எனக்கு இந்தத் தண்ணியக் குடுக்கிறியா?" என்று கேட்டார். அவள் "ஆமா, குடுத்தேன், இப்ப என்னங்கிற?" என்றாள். எங்களோடு எங்கள் மாதிரியே கதைப்பவள். கோபம் வந்தால் மட்டும் தாயின் பேச்சு வாயில் வந்துவிடும். அதற்குப்பிறகு தேத்தண்ணீரில் சிக்கனம் செய்யவில்லை. சீனியைக் கரைக்காமல் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு குடித்தோம்.

காலபோக நெல் வெட்டியபோது நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் ஜெயபுரம் போனோம். அவளுடைய தமையன் அங்கே வயல் செய்கிறார். களத்திலேயே நெல்லை வாங்கினால் கடையில் அரிசியாக வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் மூட்டைகளை ஏற்றி அனுப்பினார். பாதியாக வெட்டிய தகரப் பரலில் போட்டு நெல்லைப் புழுக்கினோம், வீட்டு முன்னால் றோட்டில் படங்கு விரித்துக் காயவைத்தோம். நெல் காயும்போது இளையவள் ஒரு தடியோடு காகத்தைக் கலைத்துக்கொண்டிருப்பாள். வெயில் ஏறினால் வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துவிடுவாள். "அன்ரி" என்று என்னைக் கூப்பிட்டவள் எந்த நாளில் "பெரியம்மா" என்று மாற்றினாள் என்று எனக்கு நினைவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூத்தவளும் அவளைப் பார்த்து அப்படியே கூப்பிடத் தொடங்கினாள்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. எனக்குத் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மரக்கறி. அந்த நாட்களில் முருங்கையிலையும் பூசணிக்காயும் போதும். விறாந்தையில் ஆறு பேரும் இருந்து சாப்பிடுவோம். சனங்கள் எல்லாம் வாடிப்போயிருந்த அந்த வருடத்தில் நான் மெலியவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாகவே இருந்தேன்.

ஆனால் அவளுக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சீமெந்து விலை ஏறியதும் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மேசனுக்கு மாதத்தில் நாலைந்து நாள் வேலை கிடைத்தால் பெரிது. கூப்பிட்ட இடமெல்லாம் கூலிக்குப் போனார். வாய்க்கால் வெட்டினார், மூட்டை தூக்கினார். மூத்தவளுக்கு ரியூஷன், கொப்பி, பஸ், சப்பாத்து. இளையவளுக்கு மாரி காலத்தில் மூச்சிழுப்பு வரும். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கோ என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அக்கா, நான் வெளிநாட்டுக்குப் போகப்போறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"குவைத்துக்கு. வீட்டு வேலைக்கு. ஏஜென்சிக்காரன் ரெண்டுதரம் வந்து கதைச்சிட்டுப் போட்டான்."

"இவ்வளவு நாளும் சமாளிச்சனாங்கள்தானே. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சால்..."

"எதை இறுக்கிறது?" என்று கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். "குறைக்கக்கூடியது எல்லாத்தையும் குறைச்சாச்சு அக்கா. இனிக் குறைக்கிறதெண்டால் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்ட வேணும், இல்லாட்டிச் சின்னவளின்ரை மருந்தை. வாறது கூடினால்தான் உண்டு. போறதை இதுக்கு மேலை குறைக்கேலாது."

கீரைத் தண்டை உடைத்து உடைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் உள்ள பெண் வெளிநாடு போவதென்றால், அவள் இல்லாதபோது பிள்ளைகளைப் பார்க்க ஒரு பெண் இருக்கிறாள் என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். அவளுக்குத் தாய் இல்லை. அண்ணிக்கு வயல், மாடு, சொந்தப் பிள்ளைகள். "நீங்கள் கையெழுத்து வைப்பியளோ?" என்று கேட்டாள். நான் வைத்தேன். என் கணவரையும் கேட்டுத்தான் வைத்தேன். "வேறை ஆர் பார்க்கிறது? எங்கடை பிள்ளையள் மாதிரித்தானே," என்றார் அவர்.

கொழும்பு பஸ் வந்து நின்றபோது இளையவளை என் கையில் தந்தாள். தந்தாள் என்றால் தூக்கித் தரவில்லை, பெரிய பிள்ளை அவள். தன் கையிலிருந்த அவளுடைய கையை எடுத்து என் கைக்குள் வைத்தாள். மேசன் பையை ஏற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மூத்தவள் அழவில்லை. பஸ் போனபிறகு, "பெரியம்மா, இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டாள். நான் அழுதுவிடுவேன் என்று பயந்துதான் அப்படிக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

முதல் சில மாதம் ஒன்றும் மாறவில்லை. காலையில் நானே பொட்டுக்குள்ளால் போய் அந்தக் கொட்டிலில் உலை வைப்பேன். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு முன்பள்ளிக்குப் போவேன். பின்னேரம் வந்து இரவுக்குச் சமைத்து, தலை பின்னிவிட்டு, கொப்பி பார்த்துவிட்டு வருவேன். அவள் வெள்ளிக்கிழமைகளில் கோல் எடுப்பாள். வெள்ளிக்கிழமைதான் அவளுக்குப் போன் கொடுப்பார்கள். பிள்ளைகளோடு கதைத்தபிறகு என்னோடு கதைப்பாள். என்ன விலை, எது ஏறினது, எது இறங்கினது என்று கேட்பாள். காசு வரத் தொடங்கியபோது மேசன் சாப்பாட்டுக்கென்று அதில் ஒரு பங்கை என்னிடம் தருவார். வாங்கிக் குசினிச் செலவுக்கே வைப்பேன்.

கதை எங்கிருந்து தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. முன்பள்ளி வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் சிலர் நான் வர, பேச்சை நிறுத்தினார்கள். கடையில் ஒரு மனுசி, "இரண்டு வீடும் ஓடிப் பார்க்கிறது கஷ்டம்தான் என்ன, ரீச்சர்?" என்று கேட்டாள். கஷ்டமில்லை என்றேன். அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. விளங்க வைத்தது என் கணவர். ஒரு பின்னேரம் ஓட்டோவை விட்டுவிட்டு வந்து, சட்டையும் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"நீ அங்கை போறது சரிதான்," என்றார். "எனக்கு ஒண்டுமில்லை. ஆனால் ஓட்டோ ஸ்ராண்டிலை இண்டைக்கு ஒருத்தன் என்னைப் பார்த்துக் கேட்டவன். சாப்பாடு எந்த வீட்டிலை, படுக்கை எந்த வீட்டிலை எண்டு."

"உங்களையோ?"

"உன்னை."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது. மனைவி வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்கு, பிள்ளையில்லாத ஒருத்தி காலையிலும் பின்னேரமும் வேலிப் பொட்டுக்குள்ளால் போய் வருகிறாள். ஊருக்கு அவ்வளவும் போதுமாக இருந்தது. மேசன் வீட்டில் இருக்கிற நேரமே குறைவு. இருந்தாலும் முற்றத்தில்தான் இருப்பார். என்னோடு நிமிர்ந்து பார்த்துக் கதைத்தவரும் இல்லை. அவரும் கேள்விப்பட்டிருக்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து நான் வரும் நேரத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அதையும் யாரோ பார்த்து ஏதோ சொல்லியிருப்பார்கள்.

நான் நிறுத்தவில்லை. கையெழுத்து வைத்தவள் நான் என்று பிடிவாதமாக இருந்தேன். அடுத்தடுத்த வெள்ளிக்கிழமை அவள் கோல் எடுத்தாள். விலை ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா, ஒண்டு சொன்னால் கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"நீங்கள் இனி அங்கை போகவேண்டாம்."

நான் போனோடு கிணற்றடிக்குப் போனேன்.

"நான் நம்பேல்லை அக்கா. சத்தியமா நம்பேல்லை. ஆனால் அண்ணியின்ரை காதுக்குப் போட்டுது. ஜெயபுரத்திலை எல்லாரும் கதைக்கினமாம். மூத்தவள் பெரிய பிள்ளை. நாளைக்கு அவளுக்கு ஒரு இடம் பார்க்கேக்கை..."

"பிள்ளையள் என்ன சாப்பிடப்போகுதுகள்?"

"காஸ் இப்ப கிடைக்குதாம்தானே. அடுப்பு வாங்கச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறன். மூத்தவள் சமைப்பாள்."

"அவளுக்கு அடுத்த வருசம் சோதினை."

"தெரியும் அக்கா." அழத் தொடங்கினாள். "எனக்குத் தெரியாதா? நான் என்ன செய்ய? சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

கோபத்தில் மட்டும் வரும் தாயின் பேச்சு அன்று அழுகையிலும் வந்தது. நான் "சரி பிள்ளை, நீ யோசியாதை," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மதில் அதற்குப் பிறகு வந்தது. அவள் அனுப்பிய காசில் கல் வந்து இறங்கியது. மேசன் வேறு யாரையும் கூப்பிடவில்லை, தானே கட்டினார். வேலிக் கதியால்களை வெட்டி, கிடுகைச் சுருட்டி எடுத்துவிட்டு, அத்திவாரம் வெட்டினார். நான் குசினி யன்னலால் பார்த்தேன். நல்ல வேலைக்காரர். ஒரு கல்லுக்கூடச் சரியவில்லை. பொட்டு இருந்த இடத்துக்கு வந்தபோது சாந்துத் தாச்சியைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைக் கூப்பிட்டார்.

"அண்ணை, தப்பா நினைக்க வேணாம். பிள்ளையளுக்காகத்தான்."

"விளங்குது தம்பி. நீங்கள் கட்டுங்கோ," என்றார் இவர். பிறகு ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கொண்டுபோய்ச் சாந்து குழைக்கக் கொடுத்தார். என் கணவரில் எனக்கு அன்று வந்த கோபம் இரண்டு நாள் இருந்தது. அவர் செய்ததில் பிழை இல்லை என்று இப்போது தெரிகிறது. யார் செய்ததிலும் பிழை சொல்ல எனக்கு வரவில்லை. அதுதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது.

பிள்ளைகள் றோட்டால் வந்து பார்ப்பார்கள் என்று நினைத்தேன். முதலில் வந்தார்கள். வந்தால் கதிரை நுனியில் இருந்துவிட்டு, "அப்பா தேடுவார்," என்று எழும்பிப் போவார்கள். ஒருநாள் இளையவள் படலையில் நின்று "அன்ரி" என்று கூப்பிட்டாள். யாரோ வேறு பிள்ளை என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவளுக்கு அப்பம் சுட்டிருந்ததில் இரண்டைக் கட்டிக் கொடுத்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மூத்தவள் சமைத்தாள். பார்க்கத்தான் முடியாது, மணம் வரும். சோறு அடிப்பிடிப்பது எனக்கு இங்கே தெரியும். வெந்தயம் கருகுவது தெரியும். அடுப்பைக் குறை, மூடியைத் திற என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். மதிலுக்கு மேலால் கத்திச் சொல்வதா? ஒருமுறை சொன்னேன். அங்கே சத்தம் ஒன்றும் வரவில்லை. கொஞ்சத்துக்குப் பிறகு அடுப்பு அணைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை சோதினை எழுதினாள். கணக்கில் தவறிவிட்டாள். இரண்டாம் தரம் எழுதப் போகவில்லை.

எங்கள் வீட்டில் செலவு கூடியது. இது சொன்னால் நம்பமாட்டார்கள். விலைகள் கொஞ்சம் இறங்கி, காஸும் பெற்றோலும் கிடைக்கத் தொடங்கிய காலத்தில்தான் எங்களுக்கு மாதக் கடைசி இழுபறியானது. இரண்டு பேருக்கு எப்படிச் சமைப்பது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. தேங்காயின் மற்றப் பாதியில் உப்புத் தடவி வைப்பேன், அப்படியும் பழுதாகும். சின்ன மீன் வாங்கினால் ஆய்ந்துகொண்டிருக்க மனமில்லை. துண்டு மீன் வாங்கினேன், அது விலை. நெல் வாங்க ஜெயபுரம் போகவில்லை. மிஞ்சிய சோற்றை நாய்க்கு வைத்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சுண்டைக் குறைச்சுப் போடன்," என்றார். குறைத்துப் போட்டால் ஒருநாள் போதாமல் போகும், ஒருநாள் மிஞ்சும்.

ஒப்பந்தம் முடிந்து அவள் வந்தாள். வந்து நாலைந்து நாள் போனபிறகு ஒரு பின்னேரம் றோட்டால் சுற்றி, படலையைத் திறந்துகொண்டு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கையில் ஒரு பை, அதற்குள் பால்மாப் பேணி, சவர்க்காரம், பேரீச்சம்பழம். எழும்பி அவளைக் கட்டிப்பிடித்தேன். அவளும் பிடித்தாள். பிறகு இரண்டு பேரும் முன் அறைக் கதிரைகளில் எதிரெதிராக இருந்தோம். அவள் என் வீட்டில் கதிரையில் இருந்து நான் பார்த்ததில்லை. குசினி நிலத்தில்தான் இருப்பாள்.

"எப்பிடியடி அங்கை?"

"பரவாயில்லை அக்கா. மனுசி நல்லவ. அடிக்கிறேல்லை." கொஞ்சம் யோசித்தாள். "ஒவ்வொரு நாளும் ஒரு சட்டி சோறு கொட்டுறவை. இறைச்சியோடை, அப்பிடியே. கறுப்புப் பையிலை கட்டி வெளியிலை வைக்கிறது என்ரை வேலை. முதல் மாசம் கட்டேக்கை கை நடுங்கும். ஒளிச்சு மொட்டைமாடியிலை காயவைச்சுப் புறாக்களுக்குப் போட்டனான். மனுசி கண்டிட்டு ஏசினவ."

"பிறகு?"

"பிறகென்ன. இப்ப கை நடுங்கிறேல்லை."

தேத்தண்ணீர் கொடுத்தேன். சீனி கரைத்துத்தான் கொடுத்தேன். குடித்தாள். மூத்தவளுக்கு இடம் வந்திருக்கிறது, கிளிநொச்சியில், பொடியனுக்குக் கடை இருக்கிறது என்றாள். மற்றதை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று, மதிலை ஒருமுறை பார்த்தாள்.

"நல்லாக் கட்டியிருக்கிறார், என்ன?" என்றாள்.

"ஓம், நல்ல வேலை," என்றேன்.

திருமணம் முடிந்து சில மாதத்தில் அவள் திரும்பவும் போனாள். சீதனத்துக்குக் கொடுத்தது போக இளையவளுக்கு ஒன்றுமில்லை. இந்தமுறை கையெழுத்து வைத்தது மேசனின் தங்கை. அவர் வந்து அந்த வீட்டோடு இருக்கிறார். புறப்படும் நாள் எனக்குத் தெரியாது. விடியற்காலை என் கணவருக்குப் போன் வந்தது, சந்திக்குப் போக ஓட்டோ வேண்டுமென்று. நான் முகம் கழுவி வெளியே வருவதற்கிடையில் ஓட்டோ போய்விட்டது.

அவர் திரும்பி வந்து விறாந்தையில் இருந்தார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன்.

"பஸ் ஏறியாச்சோ?"

"ஓம்."

"என்ன சொன்னவள்?"

"உன்னை நித்திரையாலை எழுப்ப வேண்டாம் எண்டவள்." சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். "ஓட்டோக் கூலி தந்தவள். வேண்டாம் எண்டன். கேட்கேல்லை. சீற்றிலை வைச்சிட்டு இறங்கிட்டாள்."

"அவளிட்டைப் போய் ஏன் வாங்கினனீங்கள்?"

"வாங்காமல் விட்டால் அவளுக்கு இன்னும் கஷ்டமாயிருக்கும்," என்றார்.

வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இளையவள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். மாமி கூப்பிடுவதும் அவள் "வாறன்" என்று சொல்வதும் கேட்டது. அவளுக்கு என் அழுகை கேட்கக்கூடாது என்று துலாவைப் பிடித்து, தேவையில்லாமல் இரண்டு வாளி தண்ணீர் அள்ளி நிலத்தில் ஊற்றினேன்.